பிடியரிசியின் கணக்கு: நெல்லைச் சபைகளில் தருமம் வளர்ந்த வழி

உலையில் அரிசி போடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவந்த வழக்கம். கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். சங்கத்துப் பெண்கள் வீடுவீடாக வந்து வாங்கிப்போவதும் உண்டு. சேர்ந்த அரிசியைப் படியால் அளந்து விற்பார்கள் அல்லது ஏலம் விடுவார்கள். அந்தப் பணம் உபதேசியாரின் சம்பளத்துக்கோ, விதவை ஒருத்தியின் மாதச் செலவுக்கோ, கண்காணாத ஊரில் வேலை செய்யும் மிஷனெரிக்கோ போகும்.

ஒரு பிடி நாற்பது கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு உலை என்றால் மாதத்துக்கு ஒரு வீட்டிலிருந்து 2.4 கிலோ. நூறு வீடுள்ள சபையில் 240 கிலோ. எந்த வீட்டிலும் அன்றைய சோறு குறைந்ததாகத் தெரியாது. ஆனால் மாதக் கடைசியில் ஊருக்குப் பொதுவாக இரண்டு மூன்று மூட்டை அரிசி இருக்கும். கையில் காசே புழங்காத குடும்பங்கள் கூடி ஒரு நிதியை உண்டாக்க இதைவிட எளிய வழி இருக்க முடியாது. கொடுப்பவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். கணவனிடம் கேட்காமல், பெட்டியைத் திறக்காமல், தன் கைக்கு எட்டிய ஒரே செல்வத்திலிருந்து கொடுத்தவள் வீட்டுப்பெண். சபையின் நிர்வாகத்தில் அவளுக்குக் குரல் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே சபையின் வருவாயில் அவள் பங்கு இருந்தது.

தென் தமிழ்நாட்டில் திருச்சபைகள் செய்த தருமத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி மிஷனெரிகளின் அறிக்கைகளை நம்பி எழுதப்பட்டது. அந்த அறிக்கைகள் லண்டனில் பணம் கொடுத்தவர்களுக்காக எழுதப்பட்டவை. ஆகவே கொடுத்தவர் என்றால் கடலுக்கு அப்பால் இருந்தவர், வாங்கியவர் என்றால் பனையேறியின் பிள்ளை என்ற சித்திரம் நிலைத்துவிட்டது. அது பொய்யில்லை, பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் வெளிப்பணம் வந்தது உண்மை. ஆனால் அந்தச் சித்திரத்தில் பனையேறியின் மனைவி கொடுத்தது விழவில்லை. சபைத் தொண்டு எங்கே உயிரோடு இருந்தது, எங்கே சோர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள அவள் கொடுத்ததைப் பின்தொடர்ந்து போவதே சரியான வழி என்று நினைக்கிறேன்.

இந்த வரலாறு ஒரு கிணற்றிலிருந்து தொடங்குகிறது என்றுகூடச் சொல்லலாம். பாளையங்கோட்டையின் முதல் கிறிஸ்தவக் கோயிலை 1785இல் கட்டிமுடித்த குளோரிந்தா, மராட்டியப் பிராமண விதவை. 1778இல் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். ஊரார் அவர் கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். அவர் வெட்டுவித்த கிணறும் அதே பெயரால் வழங்கிற்று. 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தவை நாற்பது பெயர்கள்தான். அந்தச் சிறு கூட்டம் ஊருக்கு விட்டுச்சென்றவற்றில் ஒன்று தண்ணீர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோயிலுக்கு வராதவரும் கிணற்றுக்கு வருவார்.

அடுத்த தலைமுறையின் தேவை நிலமாக இருந்தது. சாத்தான்குளத்துப் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையேறிகள் சபையில் சேரத் தொடங்கியபோது, ஊர்ப் பெரியவர்களும் நிலக்காரர்களும் அதைக் கலகமாகப் பார்த்தார்கள். கோயில் கொடைக்கு வரி தராதவன், கூலியில்லா ஊழியத்துக்கு வராதவன் தங்கள் மண்ணில் எதற்குக் குடியிருக்க வேண்டும் என்று கேட்டார்கள். குடிசை நின்ற மண் அடுத்தவனுடையது. ஏறிய மரமும் பெரும்பாலும் அடுத்தவனுடையது. ஒரு பனையேறி பருவத்தில் முப்பது முதல் ஐம்பது மரம்வரை நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவான். அப்படியும் பருவம் முடிந்தால் கடன்தான். அவனை ஊரைவிட்டு விரட்ட ஓர் இரவு போதும். 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் எவரெட் என்ற கேப்டனின் பண உதவியோடு நிலம் வாங்கி, துரத்தப்பட்டவர்களைக் குடியேற்றினார். அந்த ஊர் முதலூர்.

முதலூரில் தற்செயலாக நடந்ததை ஓர் ஏற்பாடாக மாற்றியவர் மிஷனெரி ரேனியஸ் ஐயர். பிரஷ்யாக்காரர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் அங்கேயே இறந்தார். தமிழில் புவியியல் நூல் எழுதியவர், புதிய ஏற்பாட்டைத் திருத்தி மொழிபெயர்த்தவர் என்று இலக்கியக்காரர்கள் அவரை அறிவார்கள். 1830இல் அவர் தொடங்கிய தரும சங்கத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. என் கணிப்பில் அவர் செய்த காரியங்களில் நீண்ட காலம் பலன் தந்தது இதுவே. உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் சந்தாவோடு ஐரோப்பிய நண்பர்களின் கொடையும் சேர, சங்கம் நிலம் வாங்கியது. துரத்தப்பட்ட குடும்பங்கள் அங்கே குடியேறின. ஊழியக்காரர்களின் விதவைகளுக்கும் ஏழைகளுக்கும் தனி நிதிகளும் அதே காலகட்டத்தில் வந்தன.

இந்தச் சங்கம் துரத்தப்பட்டவனுக்குச் சோறு போடுவதோடு நிற்கவில்லை. மறுபடி யாரும் துரத்த முடியாத மண்ணில் அவனை நிறுத்தியது. குடியிருக்கும் மனை தன்னுடையதென்றானதும் பனையேறியின் பேரம் பேசும் பலமே மாறிப்போனது. கூலி கேட்க முடிந்தது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது, ஊழியத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடிந்தது. இன்று திருச்செந்தூர், சாத்தான்குளம், நாங்குநேரி வட்டாரங்களில் பேருந்தில் போகிறவர் வழிநெடுகப் பார்க்கும் மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆசீர்வாதபுரம், கிறிஸ்தியானகரம் முதலான பெயர்களில் அந்தக் காலத்தின் அச்சமும் நம்பிக்கையும் இரண்டுமே இருக்கின்றன. மெஞ்ஞானபுரத்துக்கு முந்தைய பெயர் நெடுவிளை. டோனாவூரின் பெயரில் இருப்பவர் அதற்குப் பணம் அனுப்பிய ஜெர்மானியப் பிரபு டோனா.

ஆனால் இந்தத் தருமத்துக்கு ஒரு வேலி இருந்தது. அது சபையாருக்காகச் சபையார் செய்தது. துன்புறுத்தப்பட்ட ஒரு கூட்டம் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது இயல்பு. அதில் குறைகாண மாட்டேன். ஆனால் வேலிக்குள் பிறந்த ஏற்பாடு வேலியைத் தாண்டுவது கடினம். அடுத்த நூறாண்டுச் சிக்கல் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது.

வெளிப்பணத்தோடு கூடவே வந்த மேற்பார்வையை எல்லோரும் பொறுத்துக்கொள்ளவில்லை. அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை நாசரேத் மிஷனில் உபதேசியாராக இருந்தவர், எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர். மிஷனெரிகளோடு ஏற்பட்ட மனக்கசப்பும், பனையேறிச் சமூகமான சாணார்களைப் பற்றி 1849இல் மிஷனெரி கால்டுவெல் எழுதிய நூல் அந்தச் சமூகத்தில் உண்டாக்கிய காயமும் சேர, 1857இல் பிரகாசபுரத்தில் அவர் தனிச் சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள், சாம்பிராணி, வேதாகமத்திலிருந்தே எடுத்த சடங்குகள் என்று அதன் வழி வேறு. நமக்கு இங்கே முக்கியம், அயல்நாட்டுக் காசு ஒன்றுகூட வாங்காமல் அது நடந்தது என்பதே. பணத்துக்காக யார் முன்னாலும் நிற்காமல் ஒரு சபை நிற்க முடியும் என்பதை ஐரோப்பியத் திருச்சபைத் தலைவர்கள் கொள்கையாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பனங்காட்டு மனிதர்கள் நடத்திக் காட்டினார்கள். வரலாற்றுப் புத்தகங்கள் அதைப் பிரிவினை என்ற தலைப்பில் அடக்கிவிட்டன. சுயமரியாதை என்ற தலைப்பின் கீழும் அது வர வேண்டும்.

1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம் எல்லாக் கணக்கையும் கலைத்துப் போட்டது. சென்னை மாகாணம் முழுவதும் ஜனங்கள் செத்து விழுந்தார்கள். லண்டன் மேயர் திரட்டிய நிவாரண நிதி உட்பட வெளிப்பணம் வந்தபோது, உள்ளூர்களில் அதைப் பகிர்ந்துகொடுக்க மிஷனெரிகளும் அவர்கள் கீழிருந்த உபதேசிமாரும் கைகொடுத்தார்கள். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1877இல்தான் ஆயரானார். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பல்லாயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று அன்றே பேச்சு எழுந்தது. அதை முழுதாக மறுக்கவும் முடியாது, முழுதாக ஏற்கவும் முடியாது. பசித்தவன் சோறு போட்டவனை நம்புவதை வஞ்சகம் என்று சொல்வதற்கில்லை; சோறு போட்டவர் அந்த நம்பிக்கையை என்ன செய்தார் என்பதைத்தான் கேட்க வேண்டும். நாசரேத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல விடை கிடைத்தது. 1876இல் அங்கு வந்த மர்காஷிஸ் ஐயர் பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகளுக்கு விடுதி வைத்தார். அவர்கள் வாழ்நாள் முழுவதும் கையேந்தக் கூடாதென்று 1878இல் தொழிற்பள்ளியும் தொடங்கினார். தச்சும் கொல்லும் தையலும் கற்ற பிள்ளைகள் பனைமரத்தை நம்பாமல் பிழைக்கும் வழி கண்டார்கள். 1870இல் தொடங்கிய லூக்கா மருத்துவமனையும் அவர் கைக்கு வந்தது. 1908இல் சாகும்வரை அவர் நாசரேத்தைவிட்டுப் போகவில்லை.

மர்காஷிஸை மக்கள் கொண்டாடுவது நியாயம். என்றாலும் பஞ்சகாலத் தருமம் ஒரு பழக்கத்தையும் விதைத்துப் போயிற்று. பெரிய துன்பம் வந்தால் பெரிய பணம் வெளியிலிருந்து வரும், நாம் பங்கிட்டுக் கொடுத்தால் போதும் என்ற பழக்கம் அது. அதற்கு மாற்றாக நின்றது பிடியரிசி.

பிடியரிசி கிறிஸ்தவர்களின் கண்டுபிடிப்பு அல்ல. அந்த நிலத்தில் எல்லோருக்கும் பொதுவான வழக்கம் அது. நாடார் வணிகர்களின் உறவின்முறைகள், பேட்டைகளில் சரக்கு விற்கும் ஒவ்வொருவரிடமும் மகமை பிரித்தன. அந்தப் பொதுநிதியில் கிணறு வெட்டினார்கள், சத்திரம் கட்டினார்கள், பள்ளி நடத்தினார்கள். காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி நடந்த பள்ளி. காஞ்சி சங்கராசாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதியும் பிற்காலத்தில் பிடியரிசித் திட்டத்தை வற்புறுத்தினார். மலை தாண்டி மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 வாக்கில் தொடங்கிய கைப்பிடி அரிசி இன்றும் அந்தத் திருச்சபையின் ஊழியச் செலவில் கணிசமான பங்கைத் தாங்குகிறது. அரிசி உண்ணும் சமூகங்களில் ஏழை தன் மானத்தோடு கொடுக்கத் தெரிந்துகொண்ட வழி இது. நெல்லைச் சபைகள் அதை எங்கே திருப்பிவிட்டன என்பதில்தான் அவற்றின் தனித்தன்மை இருக்கிறது.

அந்தத் திருப்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. வெள்ளாளன்விளையில் 1874இல் குருவின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அப்போது ஒய்.எம்.சி.ஏ.வின் ஊழியர். 1902இல் யாழ்ப்பாணம் போனவர், அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு சேர்த்துத் தமிழ்நாட்டின் தொண்டிப் பக்கத்துக்கு மிஷனெரி அனுப்பியிருப்பதைக் கண்டார். தன் வீட்டு வாசலுக்குத் தீவிலிருந்து ஆள் வந்திருக்கிறது. லட்சக்கணக்கில் கிறிஸ்தவர்கள் இருக்கும் திருநெல்வேலி யாரை அனுப்பியது என்ற கேள்வி அவரை உறுத்திற்று. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் விதி. அடுத்த ஆண்டில் அதன் முதல் மிஷனெரி நிஜாம் சீமையில் தோர்ணக்கல்லுக்குப் போனார். மொழி வேறு, உணவு வேறு, அரசாட்சி வேறு. தெலுங்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. 1909இல் குருப்பட்டம் பெற்ற அசரியாவே அங்கு போய்ச் சேர்ந்தார். 1912 டிசம்பரில் ஆயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் ஆயரானது அதுவே முதல்முறை.

கோயில்பிள்ளை மணியடிக்கும் ஓட்டுக்கூரைக் கோயில்களில் பெண்கள் அளந்து கொடுத்த அரிசியும், பருவத்தில் பனையேறிகள் கொண்டுவந்து வைத்த கருப்பட்டியும், ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் போன முருங்கைக்காயும் கோழியும் ஆயிரம் கிலோமீட்டர் போல் தள்ளியிருந்த, தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா மக்களிடையே பள்ளிக்கூடமாகவும் மருந்தாகவும் மாறின. அதுவரை வாங்குகிறவர்களாக மட்டுமே உலகம் அறிந்திருந்த ஒரு கூட்டம் கொடுக்கிறவர்களானது. அந்தப் பெருமிதம் சபையின் நடையையே மாற்றியது. தோர்ணக்கல்லுக்காக ஜெபிக்கும் கிழவிக்கு வரைபடத்தில் தோர்ணக்கல் எங்கே என்று தெரிந்திராது. ஆனால் தன் ஊருக்கு வெளியே தனக்கும் ஒரு கடமை உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

சேவையும் மதமாற்றமும் ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்ற கேள்வியை விலக்கிவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. 1930களின் நடுவில், இந்து மதத்தைவிட்டு வெளியேறப் போவதாக அம்பேத்கர் அறிவித்த பின், காந்தி தோர்ணக்கல்லில் நடந்த மதமாற்ற இயக்கத்தைக் கடுமையாக விமரிசித்தார். பள்ளியும் மருத்துவமனையும் தூண்டிலாகக் கூடாது, மதம் மாற்றும் நோக்கமில்லாமல் சேவை செய்யுங்கள் என்பது அவர் வாதம். அசரியா தளரவில்லை. தீண்டத்தகாதவர் என்று தள்ளப்பட்டவருக்குத் தன் வழிபாட்டைத் தானே தேர்ந்துகொள்ளும் அறிவு இல்லை என்று கருதுவதே அவமதிப்பு என்ற நிலையில் அவர் நின்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கொடுப்பவன் கைம்மாறு எதிர்பார்த்தால் கொடை கெட்டுவிடும் என்பதில் காந்தி சரி. பெறுபவன் ஏமாளி அல்ல என்பதில் அசரியா சரி. ஆனால் அந்த விவாதத்தில் இருதரப்பும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு: தோர்ணக்கல் மக்கள் வெகுவிரைவிலேயே கொடுப்பவர்களாகவும் ஆனார்கள். தெலுங்குக் கூலிக்காரப் பெண்களும் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். கிறிஸ்தவன் கொடுப்பதைப் பற்றியே அசரியா ஒரு நூல் எழுதினார். வாங்கியவன் கொடுக்கத் தொடங்கினால் தூண்டில் என்ற வாதம் தானே வலுவிழக்கிறது.

நெல்லைச் சபைகளின் மேல் எனக்குள்ள வருத்தம் வேறு. தோர்ணக்கல்லில் மாலா வீட்டுத் திண்ணையில் உட்கார மிஷனெரியை அனுப்பிய சபைகள் பலவற்றில், தன் ஊரின் பறையர் தெருவும் பள்ளர் தெருவும் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் தூரமாகவே இருந்தன. தனிக் கோயில், தனிக் கல்லறைத் தோட்டம், ஒரே கோயிலானாலும் தனி வரிசை என்று சாதி பல உருவில் உள்ளே நின்றது. தூரத்து ஊரில் சாதியைக் கடப்பதற்கு ரயில் டிக்கெட் வேண்டும். சொந்த ஊரில் கடப்பதற்குச் சம்பந்திகளின் முகச்சுளிப்பைத் தாங்க வேண்டும். இரண்டாவதற்கு விலை அதிகம். முன்சொன்ன வேலி இதுதான். தன் இனத்தாரைக் காக்கப் பிறந்த தரும சங்கத்தின் நல்ல மரபும், தன் இனத்தாரோடு நின்றுவிடும் கெட்ட மரபும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

ஆகவேதான் அசனப் பண்டிகையை நான் சாப்பாட்டு விழாவாக மட்டும் பார்ப்பதில்லை. தூத்துக்குடி, நெல்லை வட்டாரக் கோயில்களில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அசனத்தில் ஊரே சமையல்காரர். முந்தின இரவே வெங்காயம் உரிக்க உட்காரும் கூட்டத்தில் பள்ளி ஆசிரியரும் இருப்பார், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவரும் இருப்பார். வடித்த சோற்றைப் பாயில் மலையாகக் கொட்டி ஆட்டுக்கறிக் குழம்போடு பரிமாறுவார்கள். பந்திக்கு வருகிறவரிடம் எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. சேர்ந்து உண்பதே சாதியின் உயிர்நிலையாக இருந்த மண்ணில் இது சிறிய காரியமல்ல. ஆனால் அது ஆண்டில் ஒரு நாள். மற்ற நாட்களில் அந்தப் பந்தி எங்கே போகிறது என்பதே சேகரகுருக்களிடமும் கமிட்டி உறுப்பினர்களிடமும் கேட்க வேண்டியது.

வேலியைத் தாண்டிய வேலைகள் பெரும்பாலும் உடற்குறை உள்ளவர்களிடையே நடந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஆனி ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றவர்களுக்கும், ஃபிளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாதவர்களுக்கும் தொடங்கிய பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. கண் தெரியாத பிள்ளை எந்தச் சாதியிலும் பிறக்கும். அதனாலேயே அந்தப் பள்ளிகள் சபையின் பிற நிறுவனங்களைவிட அகன்ற வாசல் உடையவையாக இருந்தன. இத்தகைய விடுதிகளுக்கு இன்று வரும் உதவியில் பெரும்பங்கு பிறந்தநாள் சாப்பாடு, நினைவுநாள் சாப்பாடு. கொடுப்பவர் மனம் நல்லது. ஆனால் பார்வையற்ற கல்லூரி மாணவருக்கு நான்காவது பிரியாணியைவிட அவசரமாக வேண்டியது பாடம் வாசித்துக் காட்ட ஒருவர், தேர்வறையில் அவர் சொல்லச் சொல்ல எழுத ஒருவர். அதற்குக் காசு வேண்டாம், மூன்று மணி நேரம் வேண்டும். தேர்வு நெருங்கும் மாதங்களில் எழுதுவதற்கு ஆள் கிடைக்காமல் அலைவது அந்த மாணவர்களுக்குப் பழகிப்போன துயரம்.

சபைத் தொண்டின் இன்றைய நெருக்கடி இதுதான் என்று தோன்றுகிறது. 2011 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசிக்கு விலையில்லை. வீட்டுக்கு ஒரு பிடி சேர்த்து ஊரின் பசியைத் தீர்க்கும் அவசியம் பெரும்பாலும் நீங்கிவிட்டது; அது பெரிய சமூக வெற்றி. சபைக்கு வருவாய் இப்போது காணிக்கை உறையிலும் வங்கிக் கணக்கிலும் வருகிறது. சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் சொந்த ஊர்க் கோயிலுக்குக் கோபுரம் கட்டப் பணம் அனுப்புகிறார்கள். திருமண்டலத்துக்குக் கல்லூரிகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. அவற்றின் நியமனங்களில் செல்வாக்கு உண்டு. அந்தச் செல்வாக்குக்காகத் திருமண்டல மன்றத் (டி.சி.) தேர்தல்கள் சட்டசபைத் தேர்தல் போல நடக்கின்றன. வழக்குகள் உயர்நீதிமன்றம்வரை போவதும் ஊரறிந்த செய்தி. தம் முன்னோர் அரிசி அளந்து வளர்த்த நிறுவனங்கள் இப்படி ஆனதில் ஊர்ப்புறச் சபையாருக்கு உள்ள மனவேதனையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அளந்து கொடுத்தவளுக்கு மொத்தம் எவ்வளவு, எங்கே போயிற்று என்று தெரிந்திருந்தது. ஆராதனையின் முடிவில் உரக்கப் படித்தார்கள். இப்போது பெரிய நிறுவனங்களின் வரவு செலவு அவள் பேத்திக்குத் தெரியாது.

பணம் இவ்வளவு இருந்தும் ஊர்களில் இல்லாதது ஆள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, எண்பது வயதில் தனியே இருப்பவர்கள் இந்த வட்டாரங்களில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ தூத்துக்குடிக்கோ போய்வர ஒருவர் துணை வேண்டும். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத, விரல்ரேகை பதியாத கிழவியை ஆதார் மையத்துக்கு அழைத்துப்போக, மது குடித்துச் செத்தவனின் மனைவியோடு தாலுகா அலுவலகத்துக்குப் போய் விதவைச் சான்றிதழ் வாங்கித்தர ஆள் வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கங்கள் இதில் ஒருபகுதியை இன்றும் சத்தமில்லாமல் செய்கின்றன. நோயாளியைப் போய்ப் பார்ப்பது, சாவு வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவது, பிரசவித்தவளுக்குத் துணையிருப்பது எல்லாம் எந்த அறிக்கையிலும் வராத வேலைகள். ஆண்கள் சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களில் கட்டிடமே அதிகம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊர்கள் தீவுகளாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் அம்மன் கோயிலில் சமைத்து, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் முன்பின் அறியாதவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். யாரும் சங்கம் தொடங்கவில்லை, சந்தா கேட்கவில்லை. பள்ளிவாசல்களும் சர்ச்சுகளும் மண்டபங்களும் அப்படியே திறந்துகொண்டன. இந்த வட்டாரத்து மனிதர்களின் கையில் கொடுக்கும் பழக்கம் வற்றிவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வெள்ளம் வடிந்த பிறகு, நனைந்துபோன வீட்டுக்குள் மாதக்கணக்கில் தனியே இருந்த முதியவரிடம் யார் போய்வந்தார்கள் என்பது அதைவிடக் கடினமான விசாரணை.

அதற்குச் சேகரங்கள் செய்யத்தக்க ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வொரு சபையும் தன் ஊர் எல்லைக்குள் தனியே வாழும் முதியோர், துணையில்லாத நோயாளிகள், உதவித்தொகை கிடைக்காத விதவைகள் ஆகியோரின் பட்டியலை எழுதட்டும். மாதம் இருமுறை யார் யாரைப் பார்க்கப் போவது என்று சங்கத்தார் பிரித்துக்கொள்ளட்டும். கோயில் திண்ணையில் ஒரு பகலில் முடியும் வேலை இது. ஊர்ப்பெண்களுக்குப் பாதிப் பெயர்கள் இப்போதே மனப்பாடம். எழுதி முடித்த பின் அந்தப் பட்டியலையும் சபைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: பதிவேட்டில் இல்லாத பெயர்கள் அதில் எத்தனை, காலனித் தெருவின் பெயர்கள் எத்தனை.